மிச்ச மாத்திரைகள்

என்னைப் பார்த்துத் திருந்தியவர்கள் பம்மலில் குறைந்தது நாலு பேராவது இருப்பார்கள். ஒருவர் சிகரெட்டை விட்டார். ஒருவர் மாதச் சீட்டில் சேர்ந்து மகளுக்குக் கம்மல் வாங்கினார். எங்கள் பட்டறையில் தையல் மிஷினில் உட்காரும் ஒருவர் டீக்குச் சர்க்கரை போடுவதை நிறுத்தி, இரண்டு பேன்ட்டுக்கு இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டார். இவர்கள் எல்லாம் இன்றும் என்னை வழியில் பார்த்தால் நின்று பேசுவார்கள். "அண்ணா, எல்லாம் நீ சொன்னதுதான்" என்பார்கள். அவர்கள் வாயைப் பொத்திவிடலாமா என்று இருக்கும் எனக்கு.

நான் சொன்னதை வீட்டிலும் ஒருத்தி கேட்டாள். அவளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

நாற்பத்து மூன்று வயது வரை நான் ஒழுங்கான ஆள் இல்லை. தோல் கையுறை தைக்கிற பட்டறையில் வெட்டும் பிரிவுக்கு சூப்பர்வைசர். சம்பளம் இருபதாம் தேதிக்கு மேல் எங்கே போனது என்று எனக்கே தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் நண்பர்களோடு உட்கார்ந்தால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் எழுந்திருப்பேன். திங்கட்கிழமை தலைவலி என்று லீவு சொல்வேன். பரோட்டா என்றால் நாலுக்குக் குறைந்து எண்ணத் தெரியாது. மனைவி ஒன்றும் சொல்ல மாட்டாள். சொன்னாலும் கேட்கிற காது எனக்கு இருந்ததில்லை.

அப்போது செருப்பு கடித்து வலது கால் சுண்டுவிரலில் ஒரு புண் வந்தது. கடுகு அளவுதான். மஞ்சள் வைத்தேன், ஆயின்மென்ட் போட்டேன், ஒரு மாதம் ஆகியும் ஆறவில்லை. விரல் கறுத்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சர்க்கரை நானூறுக்குப் பக்கத்தில் இருந்தது. "இன்னும் ஒரு வாரம் கழிச்சு வந்திருந்தா விரல் இல்ல, பாதத்தையே எடுத்திருக்கணும்" என்றார் டாக்டர். பதினோரு நாள் படுக்கையில் கிடந்தேன். பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. இல்லாத பாதம் அரிக்கிறது என்று அவர் இரவெல்லாம் முனகுவார்.

விரல் தங்கிவிட்டது. பயமும் தங்கிவிட்டது. என் ஒழுக்கம் எல்லாம் அந்தப் பயத்தில் முளைத்ததுதான். யாராவது மன உறுதி, வைராக்கியம் என்று என்னைப் புகழ்ந்தால் நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

ஐந்து மணிக்கு எழுந்து திருநீர்மலை சாலையில் ஒரு மணி நேரம் நடை. சனிக்கிழமை மட்டும் மலை ஏறிப் பெருமாளைப் பார்த்துவிட்டு இறங்குவது. சாப்பாட்டுக்கு ஒரு கிண்ணம் வைத்திருந்தேன், அந்தக் கிண்ணத்துக்கு மேல் ஒரு பருக்கை கிடையாது. இரவுச் சாப்பாடு ஏழரைக்குள். சம்பளம் வந்த அன்றே ஒரு தொகை பேங்கில் ஆர்.டி.க்குப் போய்விடும். மிச்சத்தில்தான் வீடு. மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட வேண்டும் என்று கணக்கு. மாதக் கடைசியில் கையில் இல்லை என்றால் இல்லைதான், ஆர்.டி.யில் கை வைக்கக் கூடாது. வேலைக்குப் பத்து நிமிடம் முன்னால் போய் நிற்பேன். லீவு என்ற வார்த்தையே என் வாயில் வராது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்கு முந்தைய ஒரு வருடத்தில் ஒரு நாள்கூட லீவு போடாதவருக்கு, பூஜை முடிந்ததும் முதலாளி எல்லார் எதிரிலும் ஒரு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பார். அரை நாள் போட்டாலும் போச்சு. திருந்திய முதல் வருடமே எனக்கு ஒரு தவலை கிடைத்தது. அடுத்த வருடம் மூடி போட்ட அண்டா. பொரியும் வெல்லமும் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் கை தட்டுவார்கள். கடைக்குப் போனால் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிற பாத்திரம். அதை வாங்கிக்கொண்டு பம்மல் மெயின் ரோட்டில் நான் நடந்து வந்த நடையை இன்று நினைத்தால் எனக்கே கூசுகிறது.

மனைவி என்னைக் கிண்டல் செய்வாள். "இன்னா கலெக்டரே, டைம் ஆயிட்சா?" என்று ஏழரைக்குத் தட்டை வைப்பாள். நான் ஐந்து மணிக்கு நடக்கக் கிளம்ப அவள் நாலரைக்கு எழுந்து கஞ்சி காய்ச்சினாள். மாதம் ஒன்றாம் தேதி நான் கொடுத்ததை வைத்துக்கொண்டு முப்பதாம் தேதி வரை ஓட்டினாள். என் ஒழுக்கத்தில் பாதி வேலை அவளுடையது. அப்போது அது எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு வருடம் கழித்து டாக்டர் என் மாத்திரையின் அளவைக் குறைத்தார். "இதே மாதிரி மெயின்டெயின் பண்ணுங்க" என்று கை குலுக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஒரு சின்னச் சிக்கல். மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி என்று மூன்று மாத மாத்திரையை அதற்கு முந்தின வாரம்தான் வாங்கிப் போட்டிருந்தேன். அட்டை அட்டையாக அலமாரியில் கிடந்தது. மெடிக்கல் ஷாப்பில் திருப்பி எடுக்க மாட்டேன் என்றார்கள். காசு போட்டு வாங்கியது வீணாகிறதே என்று நாலு நாள் எனக்கு ஆறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருக் கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் போட்டு எல்லாருக்கும் சர்க்கரை பார்த்தார்கள். மனைவியும் பக்கத்து வீட்டு அக்காவோடு போய்விட்டு வந்தாள். நான் வேலை முடிந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாங்க, எனக்கும் கீதாம் சுகரு" என்றாள். "வெறும் வயித்தோட பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாங்க. ரத்தம், மூத்திரம் எல்லாம் பாக்கணுமாம். எங்க போவணும், இன்னா பண்ணணும் எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க ஒரு அர நாளு கூட வந்தீங்கன்னா..."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். எனக்கு வந்த நானூறுக்கு முன்னால் அவளுடைய எண் ஒன்றுமே இல்லை என்று பட்டது. ஆயுத பூஜைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

"அதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றேன். "அலமாரில மூணு மாசத்து மாத்திர சும்மா கீது. தூக்கியா போடறது? உனக்கும் அதே நோவுதான? காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போடு. அரிசியக் கொற. என்னோட நட. எனக்கு எறங்கலையா? ஆஸ்பத்திரிக்கு அப்பால போய்க்கலாம்."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "அதுவும் சரிதான், காசாவது மிச்சம்" என்று சிரித்தாள். முகத்தில் ஒரு நிம்மதி. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்று அவளுக்குச் சந்தோஷம். மாத்திரை வீணாகவில்லை என்று எனக்குச் சந்தோஷம். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

மூன்று மாதத்தில் அந்த அட்டைகள் தீர்ந்தன. மெடிக்கல் ஷாப்பில் என் பழைய சீட்டு அவர்களுக்கு மனப்பாடம். எனக்குப் புது அளவில் வாங்கும்போது பழைய அளவிலும் வாங்கிக்கொண்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து வருடம் அப்படியே ஓடியது.

அவளை நான் கவனிக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கவனித்தேன், அதுதான் கொடுமை. சர்க்கரை பார்க்கிற சின்ன மிஷின் ஒன்று வாங்கியிருந்தேன். வாரம் ஒரு முறை எனக்கு. மாதம் ஒரு முறை, இரண்டு மாதம் ஒரு முறை அவளுக்கு. அதற்குப் போடுகிற பட்டை விலை அதிகம். காலையில் வெறும் வயிற்றில்தான் குத்துவேன். நூற்று நாற்பது, நூற்று ஐம்பது என்று காட்டும். "கொஞ்சம் கூடத்தான் கீது, நட, எறங்கிடும்" என்பேன். சாப்பிட்ட பிறகு அது எங்கே போகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. ரத்த அழுத்தம் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அவளுக்கு அது இருக்கலாம் என்று நினைத்ததில்லை.

ஒரு வருடம் அவள் காலில் மெட்டி இறுக ஆரம்பித்தது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழற்றி எடுத்தாள். தட்டானிடம் கொடுத்துப் பெரிது பண்ணச் சொல்லலாமா என்று என்னிடம் கேட்டாள். "வெரலு பெருசானா மெட்டிய மாத்துவியா? ஒடம்பு போட்டுட்ட. கொறைக்கிற வழியப் பாரு" என்றேன். சாயங்காலம் ஆனால் அவள் கணுக்கால் தெரியாது. நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்கிறாள், அதனால் என்று வைத்துக்கொண்டேன்.

புரட்டாசி சனிக்கிழமைகளில் அவளையும் மலைக்கு அழைத்துப் போவேன். திருநீர்மலை ஒன்றும் பெரிய மலை இல்லை. இளவட்டங்கள் ஒரே மூச்சில் ஏறிவிடும் படிகள்தான். முதல் இரண்டு வருடம் என்னோடு சேர்ந்து ஏறினாள். அடுத்த வருடம் நடுவில் ஒரு இடத்தில் உட்கார்ந்தாள். அதற்கு அடுத்த வருடம் நாலு இடத்தில். கூட்டம் எங்களை விலக்கிக்கொண்டு மேலே போனது. எனக்கு அவமானமாக இருந்தது. பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் குடும்பத்தோடு பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கெல்லாம் சொல்கிறவன் வீட்டில் இப்படியா என்று நினைப்பார்களே என்று எனக்கு.

"தெனம் ஒழுங்கா நடந்திருந்தா இப்டி மூச்சு வாங்குமா?" என்று அவர்கள் காதில் விழும்படியே சொன்னேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஏறினாள். கடைசிப் படி வரை ஏறினாள். பெருமாள் முன்னால் நின்று ரொம்ப நேரம் கும்பிட்டாள். யாருக்காக என்று எனக்குத் தெரியும், எப்போதும் முதலில் என் காலுக்காகத்தான் வேண்டிக்கொள்வாள்.

அன்று ராத்திரி முழங்கால் வலி தாங்க முடியவில்லை என்றாள். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வலி மாத்திரை வாங்கி வந்தேன். நானே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். நல்ல புருஷன் என்று எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. அந்த மாத்திரை கேட்டது. அதனால் அதுவும் வழக்கமாகிவிட்டது. வாரத்தில் நாலு நாள் போடுவாள்.

எங்களுக்கு ஒரே மகள். மேடவாக்கத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். கணவன் மனைவி இரண்டு பேரும் ஓ.எம்.ஆர். சாலை ஐ.டி. கம்பெனிகளில் வேலை. தண்ணீர் லாரிக்கும் டிராஃபிக்குக்கும் நடுவில் அவர்களுக்கு இங்கே வர மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தாலே பெரிது. ஐந்தாம் வருடம் பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மூஞ்சி ஏன் இப்படி ஊதியிருக்கு?"

"தூங்கி எழுந்த மூஞ்சிடி" என்றாள் மனைவி.

மகள் கீழே உட்கார்ந்து அம்மாவின் புடவையைக் கொஞ்சம் உயர்த்தி, முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தோம். எழும்புவதாகத் தெரியவில்லை. மகள் தன் ஆபீசுக்கு போன் போட்டு மறுநாள் லீவு சொன்னாள்.

மறுநாள் அவர்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் வேலைக்குப் போனேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். அன்றைக்கும் நான் வேலைக்குத்தான் போனேன்.

பதினொரு மணிக்கு மகள் கூப்பிட்டாள். "அப்பா, உடனே வாங்க. அம்மா போடற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க." அவள் குரலில் என்ன இருந்ததோ, வெட்டிக்கொண்டிருந்த தோலை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

டாக்டர் இளைஞர். நான் மேஜை மேல் வைத்த அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்த டாக்டர் எழுதினது?"

"நான்தான் சார் குடுத்தேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க டாக்டரா? சித்தா, ஹோமியோபதி அந்த மாதிரி...?" கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"இல்ல சார். சூப்பர்வைசர். தோல் பட்டறை."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். வலி மாத்திரை அட்டையைத் தனியாக எடுத்து வைத்தார். எத்தனை வருடம், வாரத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு ஒரு தாளில் அவரைக்கொட்டை மாதிரி இரண்டு படம் போட்டு எங்களுக்கு விளக்கினார். சர்க்கரை உள்ளே அரித்திருக்கிறது. பிரஷர் அதற்கு மேல். வலி மாத்திரை அதற்கும் மேல். இரண்டு சிறுநீரகமும் அநேகமாகப் போய்விட்டன.

"சுகர்னு தெரிஞ்ச உடனே ஒரு யூரின் டெஸ்ட், ஒரு பி.பி. பார்த்திருந்தா அப்பவே புடிச்சிருக்கலாம் சார்" என்றார். "அரை நாள் வேலை."

அரை நாள் என்று அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. அவருக்கு என்ன தெரியும்? மனைவி தன் மடியில் இருந்த பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

வெளியே வராந்தாவில் மகள் என்னை நிறுத்தினாள். சின்ன வயதிலிருந்து என்னிடம் குரல் உயர்த்தாதவள். அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"ரெண்டு பேருக்கும் ஒரே உடம்புன்னு நெனைச்சீங்களாப்பா?"

அதற்குப் பிறகு ஐந்தாறு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. அம்மாவுக்குத்தான் போன் வரும். நான் எடுத்தால், "அம்மாகிட்ட குடுங்க" என்பாள்.

இப்போது திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். தாம்பரம் பக்கம் ஒரு சென்டர். காலை ஆறு மணிக்கு ஆட்டோவில் கிளம்ப வேண்டும். நாலு மணி நேரம் ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். இடது கையில் அதற்கென்று ஆபரேஷன் செய்து நரம்பை இணைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் காதை வைத்தால் உள்ளே இரைகிற சத்தம் கேட்கும். அந்தக் கையில் அவள் வளையல் போடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குள்தான் தண்ணீர், சாம்பார், டீ எல்லாம் சேர்த்து. மே மாத வெயிலில் அவள் ஒரு ஐஸ் துண்டை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காது. டயாலிசிஸ் முடிந்து வரும் அன்று பேச்சு வராது. மறுநாள் கொஞ்சம் தெளிவாள். அதற்கடுத்த நாள் திரும்பவும் போக வேண்டும்.

மாடி கட்டச் சேர்த்த பணம்தான் இதற்கு ஓடுகிறது. அரசுக் காப்பீட்டு அட்டை ஒரு பங்கைத் தாங்குகிறது. சேர்த்து வைத்தது உதவவில்லையா என்று கேட்டால், உதவியது. அது இல்லாவிட்டால் நடுத்தெருவில் நின்றிருப்போம். நடையும் அளவுச் சாப்பாடும் கெட்டது என்று நான் எங்கே போய்ச் சொல்ல முடியும்? என் கால் விரல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஒரு பழக்கம் பிடிபட்ட பிறகு எனக்குக் கண் அதன் மேலேயே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவள் அதில் ஒரு பகுதி ஆகிவிட்டாள். கிண்ணம், மாத்திரை டப்பா, மனைவி என்று வரிசையில் வைத்திருந்தேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு ஏழு மாதம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்காக இல்லை, எனக்கு. அவள் கீரை சாப்பிடக் கூடாது. எதிரில் உட்கார்ந்து, "அன்னிக்கு நான் உன்னோட வந்திருக்கணும்" என்று ஆரம்பித்தேன். தரையில் கிடந்த கீரைத் தண்டுகளைப் பொறுக்கினேன்.

அவள் கையை நிறுத்தவில்லை. "நானும் ஒரே ஒரு தபாதான் கேட்டேன்" என்றாள். "ரெண்டாவது தபா கேட்டிருக்கணும். அது எம்மேல தப்பு."

ஏதாவது பாத்திரத்தை எடுத்து என் மேல் எறிந்திருக்கலாம். நான் எழுந்து கொல்லைப்புறம் போய் நின்று அழுதேன். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு ஆண் அழுகிற சத்தம் எவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

இந்த வருடம் டாக்டர்கள் மாற்றுச் சிறுநீரகம் பற்றிப் பேசினார்கள். குடும்பத்தில் யாராவது கொடுத்தால் சீக்கிரம் நடக்கும், இல்லாவிட்டால் அரசுப் பட்டியலில் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மகள் அப்போது நாலு மாதம் உண்டாகியிருந்தாள். அவளால் முடியாது, முடிந்திருந்தாலும் அவள் அம்மா ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். மனைவியின் கூடப் பிறந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. மிச்சம் நான். எனக்கும் அவளுக்கும் ஒரே ரத்த குரூப்.

அது தெரிந்த அன்று இரண்டு வருடத்தில் முதல் முறையாக எனக்குச் சந்தோஷம் வந்தது. இந்த உடம்பை எதற்காக இத்தனை வருடம் இழைத்து இழைத்து வைத்தேன் என்று இப்போது தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பெருமாள் கணக்கை நேர் செய்கிறார் என்றே நினைத்தேன். ஒன்பது வருட ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் அடுக்கி எடுத்துக்கொண்டு, புதன்கிழமை அவளை டயாலிசிஸ் படுக்கையில் விட்டுவிட்டு, அவளிடம் சொல்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அந்த டாக்டர் அம்மா ஒவ்வொரு தாளாகப் பொறுமையாகப் புரட்டினார். "நான் பார்த்த பேஷன்ட்ல இவ்வளவு கன்ட்ரோல்ல வெச்சிருக்கிறவங்க ரொம்பக் கம்மி சார்" என்றார். நான் தலையை ஆட்டினேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டே, ரத்தம் இப்போதே எடுப்பீர்களா என்று கேட்டேன்.

அவர் ஃபைலை மூடினார். "சுகர் இருக்கிறவங்ககிட்டேர்ந்து நாங்க எடுக்கறதில்ல சார். மாத்திரைல இருந்தாலும் சுகர் சுகர்தான். நாளைக்கு உங்களுக்கு மிச்சம் இருக்கிற ஒண்ணு போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"போனா போகட்டும்மா. எழுதிக் குடுக்கறேன். எங்க வேணா கையெழுத்துப் போடறேன்."

"அப்படி எல்லாம் எடுக்க முடியாது சார்."

"ஒன்பது வருஷம்மா. ஒரு நாளு தவறல."

"தெரியுது சார்" என்றார் அவர். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றி என் பக்கம் நகர்த்தினார்.

திரும்பி வந்து அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏற்றினேன். குரோம்பேட்டை சிக்னலில் நின்றபோது என் மடியில் இருந்த ஃபைலைப் பார்த்தாள்.

"எங்க போயிட்டு வந்தீங்க?"

சொன்னேன். கொடுக்கப் போனதையும் வேண்டாம் என்று அனுப்பியதையும் சொன்னேன். அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது.

"நல்லதாப் போச்சு. உங்க கிட்னிய வெச்சிகினு யாரு காலம் தள்றது? விடியக்காலைல அஞ்சு மணிக்கு என்ன எழுப்பி வுட்ரும்."

நானும் சிரித்தேன். சிரித்து எத்தனை மாதம் ஆகியிருந்தது. ஆட்டோ டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு அடங்கிய பிறகு அவள் என் முழங்கையில் கை வைத்தாள். நரம்பு இணைத்த அந்தக் கை. விரல்கள் சில்லென்று இருந்தன.

"எனக்குக்கூட ஒண்ணும் இல்லைங்க" என்றாள். "எத்தினி நாளோ அத்தினி நாளு. உங்கள நெனச்சாத்தான் பாவமா கீது. இப்டி வெச்சிகினு கீறீங்களே ஒடம்ப, நீங்க ரொம்ப வருஷம் இருப்பீங்க. தனியா இன்னா பண்ணுவீங்க?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, பல்லாவரம் வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. நெஞ்சு நன்றாக இருக்கிறது, கண் நன்றாக இருக்கிறது, சிறுநீரகம் இரண்டும் நன்றாக இருக்கின்றன.